பெரட்டுக்கு வராத சசிதரன்

— பதினொரு நாள் ஆப்சென்ட்டோ? சன்னாசி அங்கிள், நீங்கள் எங்கட சசிதரனைத்தான் சொல்றீங்களோ, வேற ஆரையாவதோ?

— அவனேதான், நிரோஷா மிஸ். இந்தச் செம்பனை நர்சரியில வேற சசிதரன் ஏது? மூணு மாசம் வச்சிப் பாக்குற தவணை இன்னியோட சரி. பத்து மணிக்கு மேனேஜர் வருவாரு, பேர்த் தாள்ல அவனுக்கு நேரா பதினோரு முட்டையப் பாப்பாரு, "ஆள் வேணாம்"னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாரு. ஆளுங்கள மேய்க்கிற மண்டோர் நான், என்ன செய்யட்டும் லா?

— இஞ்ச பாருங்கோ. காது கேளாத பிள்ளைக்கு வேலை எடுத்துக் குடுக்க நான் ஒன்பது இடம் ஏறி இறங்கினனான். உங்கட தோட்டம் ஒண்டுதான் ஓம் எண்டது. அவரின்ர அம்மா முத்தாயி அக்கா சொல்றா, விடிய அஞ்சரைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுறாராம், ஒரு நாள் தவறாமல்.

— கெளம்பியிருப்பான். வந்து சேந்தானா? கோலா சாவா போற வழியில தேத்தண்ணிக் கடைக்கா பஞ்சம்?

— சரி, அந்தப் பதினொரு நாளும் அவரின்ர பாத்தியில பாலிபேக்குக்கு ஆர் மண் நிரப்பினது?

— அதான் மிஸ் எனக்கும் ஒரே ரோசனை. நாளுக்கு முந்நூறு பை, சொல்லி வச்ச மாதிரி நெரம்பி நிக்குது. தடவித் தடவிப் பாத்தேன், ஒரு பை லொடலொடக்கல. முனியாண்டி சாமி செஞ்சிட்டுப் போவுதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

— முனியாண்டி சுருட்டெல்லோ கேப்பார், மண்வெட்டியோ கேப்பார்? பெரட்டு எப்பிடி எடுக்கிறீங்கள், சொல்லுங்கோ.

— எங்கப்பன் மண்டோரா இருந்த காலத்துலேருந்து ஒரே வழிதான். காலையில ஆறு மணிக்கு எல்லாரும் லைன்ல நிக்கணும். நான் பேரக் கூப்பிடுவேன். "இருக்கேன்"னு சத்தம் வந்தா டிக். வரலன்னா முட்டை.

— அவருக்குக் காது கேளாது எண்டு உங்களுக்குத் தெரியுமெல்லோ?

— தெரியாமலா? அதுக்காகத்தான் அவன மட்டும் ரெண்டு வாட்டி கூப்பிடுறேன். நல்லா சத்தமா.

— கடவுளே!

— ஏன் மிஸ், மூணு வாட்டி கூப்பிடணுமா?

— அதுக்கு முந்தின நாளெல்லாம் எப்பிடி டிக் விழுந்தது?

— பக்கத்துல நிக்கிற ரதி, அவனுக்கும் சேத்து "இருக்கேன்"னு கொரல் குடுக்கும். அது பிரசவத்துக்குப் போயி இன்னியோட... பதினோரு நாளாச்சி.

— அப்ப பதினொரு நாளும் அவர் உங்களுக்கு முன்னால, லைனிலதான் நிண்டிருக்கிறார்!

— அட! நின்னிருப்பான் போலிருக்கே. அப்ப சாமி இல்லயா? சே, பாவம் லா அந்தப் பய. குடுங்க அந்தத் தாள. முட்டை அத்தனையும் அடிச்சிட்டு டிக் போடுறேன். தப்பு என்னுதுன்னு மேனேஜர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். அவன் வேல எங்கயும் போவாது.

— அப்பாடா! என்ர வயித்தில பால் வார்த்தீங்கள், அங்கிள். நாளையில இருந்து அவர் கையைத் தூக்கினால் டிக் போடுங்கோ.

— கையத் தூக்குறதெல்லாம் சரிப்படாது மிஸ்.

— மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு நிக்கட்டும்.

— தொப்பியும் வேணாம்.

— சிவப்புக் கொடி?

— கொடி என்ன, தேரே இழுத்துட்டு வந்தாலும் வேணாம்.

— பாரோய் பாசாரில மீன்காரனோடகூட நான் இவ்வளவு மாரடிச்சதில்லை. கிட்ட வந்து உங்கட தோளில ஒருக்கால் தட்டினால்?

— தோள்லயா? ஆங், அது சரி! நல்லா பலமாவே தட்டச் சொல்லுங்க. முடிஞ்சிது வெவகாரம்.

— கொஞ்சம் பொறுங்கோ. கையைத் தூக்கினால் ஆகாது, மண்டோரைத் தோளில தட்டினால் ஆகுமோ? உங்கட மரியாதை என்னாகிறது?

— மரியாத கெடக்குது, தாயி. கையத் தூக்குனா நான் பாக்கணும்ல? சுகர் வந்து ரெண்டு வருசமா, ரெண்டு முழத்துக்கு அந்தாண்ட எல்லாம் பொகைதான். கொரல வச்சித்தான் பெரட்டே ஓட்டுறேன்... அவன் வேலையக் காப்பாத்துன மாதிரி, என் வேலையையும் காப்பாத்திக் குடுப்பியா?