பொது அடுக்கில் ஒரு பழைய கோப்பு

ஏசியைக் குறைத்ததற்கு நன்றி, ஐயா. சர்வர் அறையிலேயே காலம் தள்ளியவன்தான். இருந்தாலும் குளிர் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

முறையாகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவுக்குத் தலைவர் என் சகலை. மனைவியின் அக்கா கணவர். அவருக்குக் கீழே நான். போன வருடம் சர்வர் படுத்துக்கொண்டது. தவறு அவருடையது. டாக்டர்கள் நிறைந்த கூட்டத்தில், "எங்க சகலைக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம், ஆஃப் பண்ணி ஆன் பண்றதுதான்" என்றார். அன்றிலிருந்து அவர் பிள்ளைகளுக்கு நான் 'ரீஸ்டார்ட் சித்தப்பா'. என் மகளும் சிரித்தாள்.

இந்த முறை, ஆஸ்பத்திரிச் செயலிகள் எல்லாம் ஓடும் ஜாவா சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றினோம். சகலை, வேலை மிச்சமென்று, பழைய சர்வரில் எல்லாச் செயலிகளும் பகிர்ந்துகொள்ளும் கோப்புகள் கிடந்த பொது அடுக்கை அப்படியே அள்ளிப் புதியதில் கொட்டிவிட்டார். ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருந்தால், செயலியோடு வந்த புதியதை விட்டுவிட்டு, பொது அடுக்கிலுள்ள பழையதைத்தான் சர்வர் எடுக்கும். பில் பக்கம் வெள்ளையாக நின்றது; ஆய்வகப் பக்கம் திறக்கவே இல்லை. பழையவற்றைத் தேடித் தேடி நீக்கினேன்.

கடைசியாக, மருந்து ஒவ்வாமை எச்சரிக்கை. அது முரண்டு பிடிக்கவில்லை. பிழைகளைப் பதியும் லாக் கோப்பிலும் ஒன்றும் இல்லை. ஆனால் பழைய கோப்புக்குப் புதிய மருந்துக் குறியீடுகள் தெரியாது. தெரியாததை 'ஆபத்தில்லை' என்று விட்டுவிடும். அதையும் நீக்கியிருந்தால் தீர்ந்தது; விட்டுவைத்தேன்.

"எல்லாம் ஓடுதா சகலை? சரிபார்த்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டுடவா?" என்று கேட்டார்.

"எல்லாப் பக்கமும் திறக்குது, சகலை."

பொய்யில்லை, பாருங்கள்.

"பரவாயில்லையே, ரீஸ்டார்ட் பண்ணாமலே சாதிச்சுட்டீங்களே!"

அந்தக் கையெழுத்துதான் எனக்கு வேண்டியிருந்தது. யாருக்காவது தடிப்பு, அரிப்பு என்று வரும், அவர் மாட்டுவார் என்று காத்திருந்தேன். வந்தது அந்தப் பள்ளி ஆசிரியை. மயக்கத்தில் தூக்கி வந்தார்கள். அவருடைய ஒவ்வாமை எங்கள் கணினியில் ஏற்கெனவே ஏற்றியிருந்ததுதான். ஊசி போடும்போது 'ஆபத்தில்லை' என்று திரை பச்சையாகவே இருந்தது. பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தார். மறுநாள் சகலையை நீங்கள் ஜீப்பில் ஏற்றியதை ஜன்னலில் நின்று பார்த்தேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

நர்ஸ் உங்களிடம் சொன்னது உண்மைதான். அதற்கு முந்தின வாரம் என் மகளைக் காய்ச்சலோடு சேர்த்தபோது, "திரையை நம்பாதீங்க சிஸ்டர், இவளுக்கு இந்த மருந்து ஒத்துக்காது" என்று சொல்லிவைத்தேன். எந்தத் தகப்பனும் சொல்வான்.

ஆசிரியையின் கணவர், "எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லயே இருக்குமே" என்று பேசாமல் இருந்துவிட்டாராம்.

அவருக்கும் வாய் இருந்ததே, ஐயா.