மூன்று கணினிகளுக்கும் பொதுவான ஒன்று

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பேருந்தில் போகும்போது எனக்கு எப்போதும் உட்கார இடம் கிடைத்துவிடும். சோதனைச் சாவடியில் மற்றவர்கள் அடையாள அட்டையோடு வரிசையில் நிற்பார்கள். எழுபத்தொரு வயதுக்காரனை எவரும் எழுப்புவதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரின் துணிப்பைக்குள் என்ன இருக்கப்போகிறது?

உள்ளே நூற்று நாற்பத்து மூன்று வாக்குமூலங்கள் இருந்தன.

2008ஆம் ஆண்டு. காணாமற்போனோரின் குடும்பங்களுக்காக எங்கள் குழு அவற்றைச் சேகரித்தது. மாத முடிவுக்குள் ஆணைக்குழுவின் விசாரணையாளரிடம் ஒப்படைக்காவிட்டால் மனுக்கள் ஏற்கப்படா. குழுவில் பேசுவோர் பதினொருவர். வேலை செய்பவன் நிலாம் ஒருவன். அலுவலகக் கணினியில் எதுவும் தங்கக்கூடாது என்று அவன் ஒரு மெய்நிகர் கணினியை அமைத்து, அதைக் கையடக்க வன்தட்டு ஒன்றில் வைத்திருந்தான். கணினிக்குள் இயங்கும் இன்னொரு கணினி. வாக்குமூலங்கள் அடங்கலாக முழுவதும் ஒரே கோப்பு. கொட்டாஞ்சேனையில் குழு உறுப்பினர் செபஸ்தியனின் பழைய கணினியிலும், வத்தளையில் இன்னொரு உறுப்பினர் பிறிஜெற்றின் மடிக்கணினியிலும் அதன் பிரதிகள் இருந்தன. சனிக்கிழமைதோறும் அவற்றைப் புதுப்பித்து வருவது என் பொறுப்பு. பழையதை அழித்துவிட்டே புதியதை வைக்க வேண்டும், இரண்டு இருந்தால் ஆபத்தும் இரண்டு என்று முன்மொழிந்தவனும் நானே. பதினொருவரும் கைதட்டினர்.

நிலாம் எனக்குச் சொல்லித்தந்த விதி ஒன்றுதான். "சேர், இந்தச் சின்ன லைட் மின்னிக்கொண்டு ஈக்கக்குள்ள மட்டும் வயரைப் புடுங்கிடாதீங்க. உள்ளுக்கு ஈக்கிறதெல்லாம் நாசமாப் பெய்த்திடும்."

விதிகளை நான் மறப்பதில்லை. ஒரு சனிக்கிழமை அந்த விளக்கு மின்னிக்கொண்டிருக்கையில் வயரைப் பிடுங்கினேன். கோப்புச் சிதையும்வரை நான்கு முறை பிடுங்க வேண்டியிருந்தது. பின்னர் அந்தச் சிதைவை ஒழுங்காக இரு வீடுகளுக்கும் கொண்டுசென்று, நல்ல பிரதிகளின் இடத்தில் வைத்தேன்.

வாக்குமூலங்கள் வெறும் குறிகளாக மாறின. நிலாம் நினைவகத்தைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைத் துடைக்க, "சேர், அழிறப்பர் ஒண்டு ஈக்கா?" என்றான். கொடுத்தேன். மின்வழங்கியை மாற்றினான், வடங்களை மாற்றினான், மூன்று கணினிகளும் வெவ்வேறு தயாரிப்பு என்பதால் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லையோ என்று இரண்டு நாள் யோசித்தான். குழு இரண்டு மணிநேரம் கூடி, மின்தடையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

இறுதியில் நிலாம் சொன்னான்: "மெசின் மூணும் நல்லம் சேர். மூணுக்கும் போய்வந்த சாமான் ஒண்டுதான்." மேசைக்கு இப்பால் நான் உட்கார்ந்திருந்தேன். அவன் வன்தட்டைத் தூக்கிக் காட்டினான். "இவன்தான் கள்ளன்."

நான் அதனைக் கண்டிப்புடன் பார்த்தேன். புதிய வன்தட்டு வாங்கப்பட்டது. அதையும் என்னிடமே தந்தனர்.

ஏன் என்று கேட்கிறீர்கள். முறையான கேள்வி, முன்னரே எவராவது கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

என் வீட்டுப் பின்னறையில் சிவமணியும் அவன் மனைவி ஜெகதீஸ்வரியும் வாடகைக்கு இருந்தனர். வீட்டிலுள்ளோரின் பெயர்ப் படிவத்தைப் பொலிசாரிடம் கொடுத்து முத்திரை பெற வேண்டிய காலம். அவர்கள் குடிவந்தது முத்திரை விழுந்து ஒன்பதாம் நாள். நிரப்பி முடித்த படிவத்தில் இடைச்செருகலை நான் விரும்புவதில்லை. புதிய படிவத்துக்கு மீண்டும் வரிசையில் நிற்கவும் விரும்பவில்லை. ஒரு மாலை, வெள்ளை வான் வண்டியில் வந்தவர்கள் சிவமணியை வாசலில் நிறுத்தி, இவர் உங்கள் வீட்டில் இருப்பவரா என்று சிங்களத்தில் கேட்டனர். படிவத்தைக் காட்டினேன். இதில் இல்லாதவர் என் வீட்டில் இல்லை என்றேன்.

"சொல்லுங்கோ மாஸ்டர், நான் பின்னறையில இருக்கிறனான் எண்டு சொல்லுங்கோ மாஸ்டர்," என்றான் சிவமணி. கெஞ்சும்போதும் அவன் மரியாதை தவறவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். அவனை ஏற்றிக்கொண்டு வான் கடற்கரைப் பக்கமாகத் திரும்பியது.

எதிர்க்கடை றவூப் அதைக் கேட்டிருந்தார். கட்டாருக்கு வேலைக்குப் போகுமுன் குழுவிடம் வாக்குமூலம் கொடுத்தார்: இலக்கம் அறுபத்தொன்று. "வீட்டுக்காரர்" என்றே சொல்லியிருந்ததால், அதைப் பதிந்த பிறிஜெற்றுக்கு அது யாரென்று தெரியாது. விசாரணையாளர் முகவரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். அறுபத்தொன்றை மட்டும் அழித்தால் அது தனித்துத் தெரியும். ஆகவே ஒருவருக்கும் பாரபட்சம் காட்டவில்லை. நூற்று நாற்பத்திரண்டு குடும்பங்கள் அதற்குத் துணையாகப் போயின.

மனுக்களுக்கான இறுதி நாளன்று ஜெகதீஸ்வரி வந்தாள். மற்றவர்களுக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. இவள் பின்னறையில் இருந்ததால் அறிந்தாள்.

"மெசின்ல போட்டதெல்லாம் பழுதாப் போச்சாம். நான் சொல்லச் சொல்ல நீங்களே உங்கட கையால எழுதித் தாங்கோ மாஸ்டர். அண்டைக்கு நானும் கோயிலுக்குப் போயிட்டன், நீங்களும் வீட்டில இல்லை. நீங்கள் நிண்டிருந்தா அவரைக் கொண்டுபோக விட்டிருப்பியளே?"

அழகான கையெழுத்தில் எழுதினேன்: "அவ்வேளை வீட்டு உரிமையாளர் வீட்டில் இருக்கவில்லை." அவள் கையொப்பமிட்டு, என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எந்தக் கணினியில் ஏற்றினாலும் அந்த வாக்குமூலம் சிதையாது.

ஒன்றை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். என் வாழ்நாளில் நான் பொய் சொன்னதில்லை. அந்த வசனம்கூட அவளாகவே நினைத்துக்கொண்டு சொன்னது. நான் எழுதிக்கொடுத்தேன், அவ்வளவே.