கன்னியப்பன் மாமாவின் வக்காலத்து

வக்காலத்து ஒரே ஒரு தாள்தான். திண்டிவனத்தில் கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் டீ விலைக்குக் கிடைக்கும். அதில் கட்சிக்காரர் கைநாட்டு வைத்துவிட்டால் என் வாய்தான் அவர் வாய். அவர் செத்துப்போனால் அந்தத் தாளும் செத்துப்போகும். இது தெரியாமல் நான் எதையும் செய்யவில்லை. அதை முதலில் உங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

கன்னியப்பன் மாமா என் முதல் கட்சிக்காரர். மரக்காணம் உப்பளத்தை ஒட்டி அவருக்கு அறுபது சென்ட் நிலம். தெய்வசிகாமணி அதைத் தன் உப்பளத்தோடு சேர்த்து வரப்பு போட்டுக்கொண்டார். அவரிடம்தான் என் அப்பா முப்பது வருடம் உப்பு வாரினார். எங்கள் தெருவில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். வழக்குப் போட்ட அன்று தெய்வசிகாமணி கோர்ட் வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

“ஏம்மா, நம்ம சகாதேவன் பொண்ணுதானே நீ? கறுப்புக் கோட்டு போட்டுட்டா ஒடம்புல உப்பு உதுந்துடுமா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபமில்லை. ஞாபகம் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

2004 டிசம்பர் 23, வியாழக்கிழமை. மாமா கூண்டேறிச் சாட்சி சொன்னார். குறுக்கு விசாரணையில் அசையவில்லை. வாக்குமூலத்தின் கீழே அவர் இடது கட்டைவிரலை நான்தான் பிடித்து வைத்தேன். உப்பில் தேய்ந்த விரல், ரேகை விழவில்லை. மறுபடி மை தடவி அழுத்தினேன். ஊதா மை நகக்கண்ணில் ஏறிக்கொண்டது.

“ஓட்டு போட்டுட்டு வந்த மாதிரி இருக்குதேம்மா” என்றார். இனி அவர் கோர்ட்டுக்கு வரவேண்டியதில்லை. நான் போனால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் வந்தது. மாமா மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தார்.

அவர் மனைவி தனகோடி அத்தை கால் முறிந்து பள்ளிக்கூட முகாமில் கிடந்தார். பிள்ளைகள் இல்லை. மாமா இறந்தது தெரிந்தால் வாரிசு அத்தைதான், வழக்கும் அவர் கைக்குப் போகும். அவருக்கு இந்த வழக்கே பிடிக்காது. “பெரிய எடத்தோட எதுக்கு வம்பு” என்பார். முதல் வாய்தாவிலேயே வாபஸ் வாங்கியிருப்பார்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அடையாளம் பார்க்கக் கூப்பிட்டார்கள். “நிலா, நீயே பாத்துட்டு வந்துடும்மா. எங்களுக்காகப் பேசுறவ நீதானே” என்றார் அத்தை.

பதினேழாம் எண் உடல். முகம் முகமாக இல்லை. நகக்கண்ணில் ஊதா மை இருந்தது.

“இவரா பாரும்மா” என்றார் ஏட்டு.

“இவர் இல்லீங்க.”

அன்று மாலை பொக்லைன் தோண்டிய குழியில் மற்றவர்களோடு புதைத்தார்கள். மண் மூடும்வரை நின்றேன். நம் ஆள் என்று ஒருவராவது நிற்கவேண்டும் அல்லவா?

காணாமல் போனவர் இறந்தவர் அல்லர். சட்டம் ஏழு வருடம் பொறுக்கச் சொல்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கான நிவாரண மனுவை அத்தை எழுதப் போனபோது, “கைநாட்டு வெச்சா மாமாவ நீங்களே சாவடிச்ச மாதிரி அத்தை” என்றேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பதினான்கு மாதம் பொட்டு வைத்துக்கொண்டு, கோலூன்றி, பஸ் நிற்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார். இரண்டு தட்டில் சோறு போட்டார். அவர் கழுத்தில் அத்தனை நாள் தாலி தங்கியது என்னால்தான்.

2006 பிப்ரவரியில் ஜெயித்தோம். தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. தீர்ப்பு நகலை அத்தையிடம் கொடுத்தேன். “அவரு வந்து பிரிக்கட்டும்மா” என்று அரிசிப் பானைக்குள் வைத்தார்.

முகம் தெரியாத உடல்களுக்குக் கையையும் போட்டோ எடுத்திருக்கிறார்கள். அப்பீலுக்காகத் தெய்வசிகாமணி தேடி எடுத்ததுதான் நீங்கள் மேஜையில் வைத்திருக்கும் இந்தப் படம். மை தெளிவாகத்தான் விழுந்திருக்கிறது. செத்தவர் பேரில் வாங்கிய தீர்ப்பு செல்லாது, நிலமும் போகும். தெரியும்.

பொய் அடையாளம் சொன்னாயா என்று கேட்கிறீர்கள். வக்காலத்தைப் படியுங்கள். ‘என் வக்கீல் செய்வதெல்லாம் நானே செய்ததாக ஒப்புக்கொள்கிறேன்’ என்று அச்சடித்திருக்கிறது. கீழே கைநாட்டு. அந்த உடல் கன்னியப்பன் இல்லை என்று சொன்னது கன்னியப்பன் மாமாதான்.