இல்லாத மாடுகளின் கொட்டகை

எனக்கு மாட்டு வாசனை ஒத்துக்கொள்ளாது ஐயா. பால் சங்கச் செயலாளர் இப்படிச் சொல்லலாமா என்று நீங்கள் சிரிக்கலாம். அதனால்தான் நான் இல்லாத மாடுகளாக வளர்த்தேன்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. நல்ல மனசு. ஆனால் உயிருள்ள மாடு அந்தப் பணத்தைத் தின்றே தீர்த்துவிடும். கணக்கில் மட்டும் இருக்கும் என் நாற்பது மாடுகள் அப்படியில்லை. தின்னாது, சாணி போடாது, காய்ச்சல் வந்து படுக்காது. சிறந்த பண்ணையாளர் என்று மாலை போட்டு ஒரு கேடயமும் கொடுத்தார்கள். வாங்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போட்டோவுக்கு மட்டும் என் தங்கையின் மாடுகளைக் கடன் வாங்குவேன். புருஷன் போன பிறகு அவளுக்கு அந்த நாலு மாடுகள்தான் கதி. அவளுக்கும் மானியம் உண்டு. விண்ணப்பம் என் மேஜைக்குத்தான் வரும். ஏதாவது ஒரு கையெழுத்து குறையும். சொந்தத் தங்கை என்று சலுகை காட்டினால் ஊர் என்ன பேசும்? நான் நேர்மைக்குக் கட்டுப்பட்டவன்.

இந்த நேரத்தில்தான் மேலிடத்துக்கு என் மேல் சந்தேகம் வந்து தொலைத்தது. மாடுகளை நேரில் பார்க்க ஒரு கால்நடை டாக்டரை அனுப்புவதாகத் தகவல் வந்தது. தங்கையிடம் போனேன்.

"உன் மாடுங்கள ஒருநாள் என் கொட்டகையில கட்டு. டாக்டர் கேட்டா, மத்ததெல்லாம் மேய்ச்சலுக்குப் போயிருக்குன்னு சொல்லிடு."

அவள் வாளியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கட்டுறேண்ணா. ஆனா அவர் கேட்டா, இதெல்லாம் என் மாடுன்னுதான் சொல்லுவேன். பொய் சொல்ல எனக்கு வராது."

நான் கோபப்படவில்லை. கூடப் பிறந்தவளிடம் என்ன கோபம்? "சரிம்மா, நீ மாட்டைக் கட்டு, அது போதும்" என்றேன்.

எரிந்த கொட்டகையில் யாரும் தலை எண்ண மாட்டார்கள். நாலா, நாற்பதா என்று சாம்பலைக் கேட்டால் அது சொல்லாது. நஷ்ட ஈடு வேறு கிடைக்கும். தங்கைக்கும் அதில் ஒரு பங்கு கொடுப்பதாகத்தான் இருந்தேன். என் மனசு அப்படி.

மறுநாள் மத்தியானம், டாக்டர் வருவதற்கு முன்னால், வைக்கோல் போரில் தீ வைத்தேன். கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டதைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். மாடுகள் மிரண்டு தெருவுக்கு ஓடி, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளை முட்டிவிட்டால் யார் பதில் சொல்வது? பொதுநலம் என்று ஒன்று இருக்கிறது.

வாசலில் தங்கையின் செருப்பு கிடந்தது. புதுச் செருப்பு. நெருப்புப் பட்டு வீணாகிவிடக் கூடாதே என்று எடுத்து வேலி ஓரமாக வைத்தேன்.

அவள் உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது ஐயா. சத்தம் கேட்டதா என்றால், கேட்டது. கதவைத் தட்டுகிற சத்தமும் கேட்டது. "அண்ணா, தொறண்ணா" என்றும் கேட்டது. மாடுதான் கத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன்.