மாட்டுக்குக் கஞ்சி

ஒட்டுக்கேட்பது தப்புதான், பஸ்ஸில் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? பூவத்திலிருந்து காரைக்கால் போகும்போது முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவள் திடீரென்று சொன்னாள்:

"அந்தக் குழாயப் பேத்துப் போடப்போறேன்."

"ஏங்க்கா? அடுக்களையில தொட்டியும் தண்ணி வெளிய போற குழாயும் வச்சு ஒரு மாசந்தானே ஆவுது? சைகோன்லேர்ந்து வந்த மகன் ஆசையா வச்சுக் குடுத்ததாச்சே."

"கழுநீர், கஞ்சி எல்லாம் அது வழியா சாக்கடைக்குப் போயிடுது. முன்னெல்லாம் பக்கத்து வீட்டு மரகதம் மாட்டுக்குன்னு தெனம் வந்து வாங்கிட்டுப் போவா. கஞ்சிய மட்டும் தனியா ஊத்துங்க, கழுநீரோட கலந்தா மாடு தொடமாட்டேங்குதும்பா. ஒன் மாட்டுக்கு நாக்கு நீளம்டின்னு சிரிப்பேன்."

"இப்ப வர்றதில்லியா?"

"இனிமே கெடையாதுன்னுட்டேன். அப்பறம் ஆளையே காணோம். நேத்து போய்ப் பார்த்தா, எழுந்திருக்கத் தெம்பில்லாமப் படுத்துக் கெடக்கா. கொட்டில்ல மாடே இல்ல. வித்து ஒரு வருஷமாச்சாம்."

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தலத்தெரு வந்தது. இறங்குவதற்கு எழுந்தபோது மூத்தவள் சொன்னாள்:

"தெரிஞ்சிருந்தா அந்தக் கஞ்சியில ஒரு கல்லு உப்பாவது போட்டுக் குடுத்திருப்பேனே."