பாதிக் கல்யாணம்

பாலக்கோட்டில் புறப்பட்ட டவுன் பஸ்ஸில், தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் வெளுக்காத ஒரு பெண் எனக்கு முன் இருக்கையில் இருந்தாள். பக்கத்திலிருந்த கணவனிடம் சொன்னாள்:

"எனக்கு இன்னும் பாதிக் கல்யாணந்தாங்க ஆயிருக்குது."

"மூணு வேளையும் நான் சமைச்சுப் போடறனே, அது எந்தப் பாதியில வருது?"

"எங்கப்பா தாரை வாக்கலையே."

"அதான் உங்க சித்தப்பா வாத்தாரே."

"அவரு வாட்டர் பாட்டில்லதாங்க வாத்தாரு."

"முகூர்த்தம் நிக்குமா? விடியக்காலை அந்த மழையில உங்கப்பாவ யாரு வூட்டுக்குத் திரும்பிப் போகச் சொன்னது?"

"அவரு கல்யாணத்துல தாரை வாத்த பித்தளைச் சொம்ப மறந்துட்டாரு. எனக்கும் அதுலதான் வாக்கணும்னு எடுக்கப் போனாரு. திரும்பறதுக்குள்ள ஓடையில வெள்ளம் வந்துருச்சு."

கல்யாணம் சட்டப்படி செல்லும். தாரை வார்த்தவர் யார் என்று எந்தச் சார்பதிவாளரும் கேட்பதில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை.

பஸ் ஒரு தரைப்பாலத்தில் இறங்கி ஏறியது. ஓடையில் மணல்தான் கிடந்தது.

"இதுவா?"

"இதேதாங்க. அந்தக் கரையில சொம்போட நனைஞ்சுகிட்டு, செல்லுல மேளச் சத்தத்தக் கேட்டுகிட்டே நின்னாராம்."

அவன் கொஞ்ச நேரம் மணலையே திரும்பிப் பார்த்தான்.

"சொம்பு இருக்குதா?"

"வாசப்படிகிட்டயே வெச்சிருக்காராமுங்க. அம்மா எடுத்து உள்ள வெச்சா, மறுபடியும் கொண்டாந்து அங்கயே வெச்சிடறாராம்."

"உங்க வூட்டுக்குப் போனதும் ரெண்டு பேரும் கையை நீட்டலாம். ஊத்தட்டும்."