டெல்சி வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள்

சிவப்பிரியா: அம்மா, இந்தக் கட்லட் பையை ஆர் கட்டினது? அவிழ்க்க ஏலாமக் கிடக்கு.

நேசமலர்: ஆர் கட்டுவினம்? உன்ர கொப்பர்தான். ஒண்டுக்கு மேல ஒண்டா மூண்டு முடிச்சு. இஞ்ச கொண்டா...

சிவப்பிரியா: கட்லட் என்ன, எழும்பி ஓடவே போகுது?

நேசமலர்: குப்பைப் பையையும் அந்தாள் அப்பிடித்தான் கட்டும். இஞ்ச பார், நடுவில நகத்தை விட்டு மெல்லமா இழுக்கவேணும். அவசரப்பட்டுப் பறக்கக்கூடாது... ம், வந்திட்டுது. எடு.

சிவப்பிரியா: நான் எண்டால் வெட்டிப்போட்டிருப்பன். அப்பா எங்க?

நேசமலர்: அங்க, இந்த ராட்டினப் பார்க்கின்ர படம் போட்ட பலகைக்கு முன்னால நிக்கிறார். ராவைக்கு எங்க சாப்பிடுறது எண்டு ஆராய்ச்சியாம். உன்ர மனுசனும் சின்னவளும்?

சிவப்பிரியா: கார்த்திகன் அவளோட தண்ணிப்படகுக்கு லைனில நிக்கிறார். இண்டைக்கு ஏறுவினமோ தெரியாது. அம்மா... அப்பா வாறதுக்கு முன்னம் ஒண்டு கேக்கட்டோ?

நேசமலர்: கேளாத.

சிவப்பிரியா: என்ன கேக்கப்போறன் எண்டு தெரியுமோ?

நேசமலர்: காலமை ஹோட்டலில இருந்து அது உன்ர முகத்தில ஒட்டிக் கிடக்கு.

சிவப்பிரியா: பின்ன என்னம்மா! டோர்ட்மண்டில கார் ஏறினதில இருந்து ஸ்டேக், ஸ்டேக் எண்டு ஒரே கதை. மாட்டிறைச்சி வாயில வைக்காத மனுசன். ஏதோ தெரிஞ்சு போச்சு. உங்களைச் சோதிச்சுப் பாக்கிறார்.

நேசமலர்: விசர்க்கதை கதைக்காத.

சிவப்பிரியா: மாசத்தில ஒரு ஞாயிறு சேர்ச்சில பூசை முடிய டெல்சி மாமி வீட்டுக்குப் போய், நீங்கள் மாட்டுக்கறி ஒரு வெட்டு வெட்டிற கதை...

நேசமலர்: மெல்லக் கதையடி!

சிவப்பிரியா: இஞ்ச ஆருக்குத் தமிழ் விளங்கப்போகுது?

நேசமலர்: ஜெர்மனியில நீ அப்பிடி நினைக்கிற இடத்திலதான் பின்னால ஒராள் திரும்பி, “பிள்ளை ஊரில எவடம்?” எண்டு கேக்கும்.

சிவப்பிரியா: சின்னனில என்னையும் கூட்டிக்கொண்டு போனனீங்கள். திரும்பி வரேக்க, “அப்பா கேட்டா கோழி எண்டு சொல்லு” எண்டு சொல்லித் தந்தனீங்கள். எனக்கு முப்பது வயசு தாண்டிட்டுது, இன்னும் கோழி எண்டுதான் சொல்லிக்கொண்டு திரியிறன்.

நேசமலர்: நல்ல பிள்ளை. அப்பிடியே சொல்லு.

சிவப்பிரியா: நீங்களே அப்பாட்டச் சொல்லிப்போடலாம்தானே? கோவிப்பாரோ?

நேசமலர்: அவருக்குக் கோவம் எங்க வரும்? வந்தாலும் கார் பார்க் பண்ணேக்க மட்டும்தான் வரும்.

சிவப்பிரியா: அப்ப ஏன் பயப்பிடுறியள்?

நேசமலர்: பயம் எண்டில்லை... சில விசயம் வாயால சொல்லிப்போட்டா நிண்டுபோகும்.

சிவப்பிரியா: எது நிண்டுபோகும்?

நேசமலர்: எல்லாம்தான். அதோட, உன்ர அப்பம்மாவுக்கு வாக்குக் குடுத்தனான். கலியாணத்துக்கு முன்னம் ஊரில இருந்து போன் எடுத்துக் கேட்டவ. “வேதக்காரப் பிள்ளை எண்டாலும் காரியமில்லை, என்ர மகன்ர வீட்டில மாடு அடுப்பில ஏறக்கூடாது” எண்டு. ஓம் மாமி எண்டனான். ஏத்தினனானோ?

சிவப்பிரியா: டெல்சி மாமியின்ர அடுப்பில ஏறினது.

நேசமலர்: டெல்சி என்ர மாமிக்கு வாக்குக் குடுக்கேல்லை.

சிவப்பிரியா: நீங்கள் அட்வகாட் ஆகியிருக்கவேணும் அம்மா... ஐயோ, அப்பா வாறார். துண்டுக் காகிதமும் கையில கிடக்கு.

நேசமலர்: வாயைத் துடை. சிரிக்காத.

சிவகுருநாதன்: நேசம், மூண்டு இடம் பாத்து வைச்சிருக்கிறன். பிள்ளை, நீயும் கேள். ஒண்டு இஞ்சையே, கௌபாய் தெருவில. குதிரைலாடம் எல்லாம் தொங்குது. ரெண்டாவது எங்கட ஹோட்டலுக்குக் கீழ. மூண்டாவது வெளியில, ஊருக்குள்ள, தேவாலயத்துக்குப் பக்கத்தில ஒரு பழைய காஸ்ட்ஹவுஸ், சாப்பாட்டுக்கடை. எங்க நல்ல ஸ்டேக் கிடைக்கும் எண்டு நீர் சொல்லும்.

நேசமலர்: நான் என்னத்தைச் சொல்ல? பீட்சா சாப்பிடுவமே. சின்னவளுக்கும் விருப்பம்.

சிவப்பிரியா: ஓம் அப்பா, பீட்சா. மரக்கறிப் பீட்சா.

சிவகுருநாதன்: பீட்சா டோர்ட்மண்டில கிடைக்காதே? கௌபாய் கடைக்குள்ள எட்டிப் பாத்தனான். சூடான இரும்புத் தட்டில போட்டு, மேல ஒரு கொடி குத்திக் கொண்டுவாறாங்கள். சர்ர்ர் எண்டு சத்தம். பிள்ளையளுக்குத் தொப்பியும் குடுக்கிறாங்கள்.

நேசமலர்: தொப்பி குடுத்தா இறைச்சி நல்லாயிருக்கும் எண்டில்லை. அந்தத் தட்டில கிடந்து வேகிக்கொண்டே இருக்கும், மேசைக்கு வர இறுகிப்போகும்.

சிவகுருநாதன்: ஓகோ... அப்பிடியோ?

நேசமலர்: ...டிவியில காட்டினவங்கள்.

சிவப்பிரியா: அப்பா, கட்லட் சாப்பிடுங்கோ, ஆறுது.

சிவகுருநாதன்: பொறு பிள்ளை. அப்ப ஹோட்டல்? வெள்ளைத் துணி விரிச்சு, பெரிய தட்டில நடுவில கொஞ்சமா வைச்சு...

நேசமலர்: அது மெல்லிசா வெட்டியிருப்பாங்கள். தடிப்பா வெட்டினாத்தான் உள்ளுக்கு ஈரம் நிக்கும்.

சிவகுருநாதன்: அதுவும் டிவியோ?

சிவப்பிரியா: அம்மா நிறைய டிவி பாக்கிறவ அப்பா.

சிவகுருநாதன்: எங்கட டிவி நாடகத்தைத் தவிர வேற ஒண்டும் காட்டி நான் காணேல்லை.

நேசமலர்: இஞ்சருங்கோ, எனக்கு ஒண்டு விளங்கேல்லை. ஸ்டேக் இப்ப ஆருக்கு?

சிவகுருநாதன்: எனக்குத்தான்.

சிவப்பிரியா: உங்களுக்கோ? அப்பா, நீங்கள் மிட்டாய்ப் பெட்டியைத் திருப்பித் திருப்பி வாசிச்சு, ஜெலட்டின் கிடக்கு எண்டு எனக்கு வாங்கித் தராத ஆள். பேர்த்டேக்கு வந்த பிள்ளையள் எல்லாம் கம்மிக்கரடி சாப்பிட, நான் மட்டும் முறுக்குக் கடிச்சனான்.

சிவகுருநாதன்: மனுசருக்கு ஆசை மாறாதோ?

நேசமலர்: நல்லாத்தான் மாறியிருக்கு. சரி, சாப்பிடுங்கோ. எப்பிடிக் கேக்கப்போறியள்?

சிவகுருநாதன்: எப்பிடி எண்டா?

நேசமலர்: சேர்வர் வந்து கேப்பான், எப்பிடிச் சுடுறது எண்டு.

சிவகுருநாதன்: மெடியம். வாசிச்சு வைச்சிருக்கிறன்.

நேசமலர்: மெடியம் எண்டா உள்ளுக்குச் சிவப்பாயிருக்கும். வெட்ட வெட்டச் சாறு வரும். பரவாயில்லையோ?

சிவகுருநாதன்: ...சிவப்போ?

நேசமலர்: நல்ல சிவப்பு.

சிவகுருநாதன்: அப்ப... நல்லா எரிச்சுத் தரச்சொல்லுவம்.

நேசமலர்: எரிச்சா அது செருப்பு! நல்ல இறைச்சியைப் பழுதாக்கிறதே?

சிவப்பிரியா: அம்மா...

நேசமலர்: என்னடி?

சிவப்பிரியா: டிவி.

நேசமலர்: ...ஓம். டிவி.

சிவகுருநாதன்: ம்... நான் தோத்திட்டன். நானும் சாப்பிடுறன் எண்டு சொன்னா நீர் யோசிக்காமச் சாப்பிடுவீர் எண்டு பாத்தன். எனக்கு நடிக்கத் தெரியாது. ஸ்டேக் எனக்கில்லை நேசம். உமக்கு.

சிவப்பிரியா: நான் போய்ச் சின்னவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கி வாறன்.

சிவகுருநாதன்: இரு பிள்ளை. எங்க ஓடுறாய்? நீயும் டெல்சி வீட்டில கோழிதானே சாப்பிட்டனீ?

சிவப்பிரியா: ஓம் அப்பா, கோழிதான்.

சிவகுருநாதன்: ஆறு வயசில வந்து சொன்னனீ, “அப்பா, கோழிக்குக் கொம்பு இருக்குமோ?” எண்டு. நான் அடுத்த அறைக்குள்ள போய்ச் சிரிச்சனான்.

சிவப்பிரியா: ஐயோ அப்பா! அப்ப உங்களுக்குத் தெரியுமோ? அப்பவே?

சிவகுருநாதன்: அதுக்கும் முன்னமே. டெல்சி வீட்டுக்கு அந்த இறைச்சி எங்கயிருந்து வந்தது எண்டு நினைக்கிறாய்?

சிவப்பிரியா: அருட்பிரகாசம் மாமா வாங்குவார்.

சிவகுருநாதன்: டெல்சியின்ர மனுசனோ? அவன் தக்காளியும் அமத்திப் பாக்காம வாங்கிற ஆள். நான்தான் வாங்கினது.

சிவப்பிரியா: நீங்களோ? மாட்டிறைச்சியோ?

சிவகுருநாதன்: முதல்தரம் இறைச்சிக்கடையில போய் நிண்ட மாதிரி நான் இமிகிரேஷனுக்கு முன்னாலயும் நிக்கேல்லை. கடைக்காரி கேக்கிறா, எந்தப் பகுதி வேணும் எண்டு. எனக்கு என்ன தெரியும்? நல்ல பகுதி எண்டன். ஆருக்கு எண்டு கேட்டா. என்ர மனிசிக்கு எண்டன். சிரிச்சுப்போட்டு, அவவே வெட்டித் தந்தா. பிறகு நான் உள்ளுக்குப் போனாலே கத்தியை எடுத்திடுவா. அருட்பிரகாசத்தின்ர கையில குடுத்திட்டு, வாயைத் திறக்கக்கூடாது எண்டு சொல்லிப்போட்டு வருவன். பாவி, இண்டைவரைக்கும் திறக்கேல்லை.

சிவப்பிரியா: ஏன் அப்பா அப்பிடிச் செய்தனீங்கள்? அம்மா ஏதும் கேட்டவவோ?

சிவகுருநாதன்: இவ கேக்கிறதோ? டெல்சியின்ர மூத்தவளுக்கு ஞானஸ்நானம் குடுத்தவை. ஹோல் எடுத்துச் சாப்பாடு. நாங்கள் புதுசாக் கலியாணம் முடிச்சிருந்த நேரம். மாட்டுக்கறிச் சட்டிக்கு முன்னால கொம்மா வந்து நிண்டவ. கரண்டியைத் தொட்டவ. பிறகு அங்கால போய்க் கத்தரிக்காய்ப் பால்கறியைப் போட்டுக்கொண்டு வந்து, எனக்குப் பக்கத்தில இருந்து சாப்பிட்டவ. நல்ல ருசி எண்டும் சொன்னவ. அந்தக் கத்தரிக்காய் எனக்குத் தொண்டைக்குள்ள இறங்கேல்லை.

சிவப்பிரியா: அப்ப அம்மாட்டச் சொல்லியிருக்கலாமே, சாப்பிடுங்கோ எண்டு.

சிவகுருநாதன்: சொன்னா இவ சாப்பிடமாட்டா. “உங்கட அம்மாவுக்கு ஓம் எண்டனான், நீங்களே அதை உடைக்கச் சொல்லுறியளோ?” எண்டு கேப்பா. அம்மாவும் பிறகு வந்து எங்களோடதானே இருந்தவ. எனக்கும் அவவின்ர முகத்தைப் பாக்கவேணும். அதுதான் ஒருத்தருக்கும் பொய் சொல்லாம, ஒருத்தரையும் நோகடிக்காம...

சிவப்பிரியா: உள்ளூருக்குள்ள கடத்தல் செய்தனீங்கள்.

சிவகுருநாதன்: ஓம். கடத்தல்தான்.

சிவப்பிரியா: அப்ப ஏன் இப்ப சொல்லுறியள்? அதுவும் ராட்டினத்துக்குப் பக்கத்தில வைச்சு?

சிவகுருநாதன்: என்ர அம்மா செத்து வருசமாகி, போன மாசம் ஆட்டைத்திவசமும் முடிஞ்சுது. அவவுக்குக் குடுத்த வாக்கு அவவோட போச்சு. கடைசி நேரம் அம்மா ஆரையும் கிட்ட விடேல்லை பிள்ளை. என்ர தங்கச்சிமாரின்ர கையையும் தட்டிவிட்டவ. நேசம் எங்க, நேசம் எங்க எண்டுதான். கழுவித் துடைச்சு, சாமிப்படத்துக்கு முன்னால இருத்தி, திருநீறும் பூசிவிட்டது இந்த வேதக்காரப் பிள்ளை. அதுக்கு நான் எப்பிடி நன்றி சொல்ல?

சிவப்பிரியா: நன்றி எண்டு சொல்லலாம் அப்பா. தமிழில அப்பிடி ஒரு சொல் கிடக்கு.

சிவகுருநாதன்: சொன்னனான். “போங்கோ, போய்த் தேங்காய் துருவுங்கோ” எண்டவ. வீட்டில எண்டா இப்பிடி ஏதும் வேலை சொல்லித் தப்பிடுவா. இஞ்ச தேங்காய் இல்லை.

சிவப்பிரியா: அப்பா... நீங்களும் எங்களோட மேசையில இருப்பியளோ? நாங்கள் அதைச் சாப்பிடேக்க?

சிவகுருநாதன்: அதுக்குத்தானே வந்தது! எனக்கு உருளைக்கிழங்கும் சலாட்டும் காணும். ஒவ்வொரு மாசமும் கொம்மாவை ஏத்த வந்து, டெல்சி வீட்டுக்குக் கீழ காருக்குள்ள இருந்து மேல யன்னலைப் பாப்பன். சிரிச்சுக் கேக்கும். இண்டைக்குப் பக்கத்தில இருந்து பாக்கவேணும், அவ்வளவுதான்.

சிவப்பிரியா: அம்மா, அழுறியளோ?

நேசமலர்: கட்லட்டில பச்சைமிளகாய் கூடிப்போச்சு.

சிவகுருநாதன்: நான் ஒரேயடியாச் சொல்லியிருக்கக்கூடாது. பார், அதிர்ந்துபோனா. நேசம், கோவமோ?

நேசமலர்: அந்தக் காஸ்ட்ஹவுஸுக்கே போவம். தேவாலயத்துக்குப் பக்கத்தில இருக்கிறதுக்கு. ஊர்ச்சனம் சாப்பிடுற இடம், தடிப்பாத்தான் வெட்டுவாங்கள். மேசை சொல்லிவையுங்கோ, எல்லாருக்கும் சேத்து. யன்னலோரமா.

சிவகுருநாதன்: சொல்லிவைச்சிட்டன். காலமையே.

நேசமலர்: தெரியும்.

சிவப்பிரியா: நல்லாயிருக்கு! இவ்வளவு காலமும் அப்பா உங்களை ஏமாத்தியிருக்கிறார், நீங்கள் மேசையைப் பற்றிக் கதைக்கிறியள். அம்மா, உங்களுக்கு ஒருநாளும் சந்தேகமே வரேல்லையோ?

நேசமலர்: சந்தேகமோ? முதல் ஞாயிறு டெல்சி இறைச்சிப் பையைக் கொண்டுவந்து, “அவிழ்க்க ஏலாமக் கிடக்கு நேசம், கத்தரிக்கோல் எடுக்கட்டோ?” எண்டு கேட்டவள். பாத்தன், ஒண்டுக்கு மேல ஒண்டா மூண்டு முடிச்சு. வாய் திறந்து ஒரு சொல் சொன்னா இந்தாள் வெக்கப்பட்டு நிப்பாட்டிப்போடுவார் எண்டு நானும் பேசாம இருந்திட்டன்... ஆனா பிள்ளை, அண்டையில இருந்து டெல்சியை ஒரு பையையும் வெட்ட விடேல்லை. எல்லாம் நான்தான் இருந்து அவிழ்த்தது.